உங்க ஊரோட ஹிஸ்டரி எந்த டிரங்குப் பெட்டியில இருக்கு?

போகி அன்னைக்கு காலையில எரியுற குவியல்ல பாய், துணி, டயர் மட்டும் இல்ல. தாத்தாவோட டைரி, 1960கள்ல அடிச்ச கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், தொழிற்சங்கத்துக்கு சந்தா கட்டின ரசீது, யாருன்னே தெரியாத ஒருத்தர் கைகட்டி நிக்கிற கறுப்பு வெள்ளை போட்டோ எல்லாம் அதுல சேர்ந்து போகுது. போகியில தப்பிச்சது, வீட்டுக்கு வெள்ளை அடிக்கும்போது பழைய பேப்பர் கடைக்குப் போகும். அங்க அதுக்கு கிலோ கணக்குல விலை.

இதெல்லாம் குப்பைதானேன்னு கேக்கலாம். தனித்தனியா பார்த்தா அப்படித்தான் தெரியும். ஆனா ஒரு தெருவுல இருக்கிற ஐம்பது வீட்டுப் பெட்டியையும் சேர்த்து வெச்சுப் பார்த்தா, அது அந்தத் தெருவோட வரலாறு. அரசு ஆவணக் காப்பகத்துலயும் நம்ம ஊர் இருக்கும்: நில அளவை, வரி, அதிகாரிங்க எழுதிக்கிட்ட கடிதங்கள். ஆனா ஊருக்கு முதல் டீக்கடை எப்படி வந்துச்சு, எந்தக் கிணத்துல யாரைத் தண்ணி எடுக்க விடல, மில் மூடினதுக்கு அப்புறம் லைன் வீட்டுக்காரங்க எங்க போனாங்க, இந்தக் கேள்விக்கெல்லாம் பதில் பெரும்பாலும் வீடுகள்ல தான் இருக்கு.

ஒரு ஊரோ, தெருவோ, தொழில் செய்யுறவங்களோ தங்களோட பொருட்களைத் தாங்களே சேகரிச்சு, பட்டியல் போட்டு, பாதுகாக்கிறதைத் தான் கம்யூனிட்டி ஆர்க்கைவ்னு சொல்றாங்க. தமிழ்ல சமூக ஆவணகம்னு வெச்சுக்கலாம். அதை எப்படி ஆரம்பிக்கிறது, ஆரம்பிச்சதை எப்படி சாக விடாம வெச்சிருக்கிறதுன்னு பார்ப்போம். இதுக்கு ஆர்க்கியாலஜி டிகிரி வேண்டாம். ஒரு ஸ்கேனர், ஒரு ஸ்ப்ரெட்ஷீட், நிறைய பொறுமை போதும்.

பொருளுக்கு முன்னாடி பெயர் அழியுது

வரலாறு சில சமயம் ஒரே நாள்ல போயிடும். 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடி ஒரே ராத்திரியில போச்சு. 1981ல யாழ்ப்பாணம் பொது நூலகத்தை எரிச்சப்போ சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாச்சு. 1985ல சென்னை மூர் மார்க்கெட் எரிஞ்சப்போ, பழைய புத்தகம் தேடுறவங்களோட சொர்க்கமே போச்சு. 1934ல மேட்டூர் அணை கட்டி முடிச்சு தண்ணி தேங்கினப்போ பல கிராமங்கள் மூழ்கின. இன்னைக்கும் அணையில தண்ணி நல்லா குறைஞ்சா பண்ணவாடி பக்கம் பழைய நந்தி சிலையும் சர்ச் கோபுரமும் வெளியே தெரியும். கல்லு தண்ணிக்குள்ள தாக்குப் பிடிச்சிருக்கு. அந்த வீடுகள்ல இருந்த காகிதம் தாக்குப் பிடிக்காது.

ஆனா பெரும்பாலான இழப்பு இப்படி சத்தமா நடக்கிறதில்ல. போட்டோ பத்திரமா இருக்கும், அதுல இருக்கிறவங்களோட பெயர் போயிடும். எங்க பாட்டிக்கு 83 வயசு. பதினோரு பேர் இருக்கிற ஒரு குரூப் போட்டோவைக் கொடுத்தேன். ரெண்டு நிமிஷத்துல ஒன்பது பேரைச் சொல்லிட்டாங்க. மீதி ரெண்டு பேருக்கு ஒரு மணி நேரம் யோசிச்சாங்க. எங்க அம்மாவுக்கு அதுல நாலு பேரைத் தெரியும். எனக்கு பாட்டியை மட்டும் தான் தெரியும். மூணு தலைமுறை, ஒன்பது, நாலு, ஒண்ணு. இந்தக் கிராப் அடுத்து எங்க போகும்னு நமக்கே தெரியும்.

அதனால தான் அவசரம். காகிதத்துக்கு இன்னும் முப்பது வருஷம் ஆயுசு இருக்கலாம். அந்தக் காகிதத்தைப் பார்த்து "இது உங்க பெரிய தாத்தா, சிங்கப்பூர் போறதுக்கு முதல் வாரம் எடுத்தது"ன்னு சொல்லக்கூடியவங்களுக்கு அவ்வளவு டைம் இல்ல.

ஒரு தனி மனுஷர், ஒரு பெரிய கூட்டம்

இது முடியுமான்னு சந்தேகம் வந்தா ரெண்டு உதாரணம் பாருங்க.

காரைக்குடி பக்கத்துல கோட்டையூர். அங்க ரோஜா முத்தையான்னு ஒருத்தர். விளம்பரப் பலகை எழுதுற ஓவியர். பேராசிரியரும் இல்ல, ஜமீன்தாரும் இல்ல. புத்தகம், இதழ்கள், நாடக நோட்டீஸ், பத்திரிகை நறுக்குகள், கல்யாண அழைப்பிதழ்னு கைக்குக் கிடைச்சதையெல்லாம் பல வருஷமா சேர்த்தார். 1992ல அவர் இறந்தப்போ ஏறத்தாழ ஒரு லட்சம் பொருட்கள் இருந்துச்சு. சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கினாலும் அமெரிக்காவுக்குக் கொண்டு போகாம சென்னையிலயே வெச்சாங்க. 1994ல உருவான அந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இப்ப தரமணியில இருக்கு. தமிழ் அச்சு வரலாற்றுல வேலை செய்யுற யாரும் அங்க போகாம இருக்க முடியாது.

இன்னொண்ணு, நூலகம் திட்டம். 2005ல இலங்கைத் தமிழ் தன்னார்வலர்கள் ஆரம்பிச்ச டிஜிட்டல் நூலகம். யாழ்ப்பாண நூலகம் எரிஞ்ச நினைவு இருக்கிற சமூகம் அது. ஒரே கட்டடத்துல எல்லாத்தையும் வெச்சா என்ன ஆகும்னு அவங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்ல. நூல், இதழ், பத்திரிகை, சிறப்பு மலர், துண்டுப் பிரசுரம்னு ஸ்கேன் பண்ணி இலவசமா படிக்கக் கொடுக்கிறாங்க. ஊர்ல இருக்கிறவங்களும் வெளிநாட்டுல இருக்கிறவங்களும் சேர்ந்து இழுக்கிற தேர் அது.

முதல் உதாரணத்துல ஒரு ஆளோட பிடிவாதம். ரெண்டாவதுல பல பேர் பங்கு போட்ட வேலை. ரெண்டுலயும் பொது என்னன்னா, நிபுணர் வந்து செய்வார்னு யாரும் காத்துக்கிட்டு இருக்கல.

முதல்ல எல்லைக்கோடு போடுங்க

"எங்க ஊர் வரலாறு மொத்தத்தையும் சேகரிக்கப் போறோம்"னு கிளம்புற டீம் மூணு வாரத்துல சோர்ந்துடும். ஒரே வரியில எல்லையை எழுதுங்க. எந்த இடம், எந்தக் காலம், எந்த விஷயம். "எங்க ஊர் கைத்தறி சொசைட்டி, 1950 முதல் 1990 வரை." "எங்க தெரு, ரோடு அகலப்படுத்தி வீடுகளை இடிக்கிறதுக்கு முன்னாடி." இப்படி இருந்தா எதை எடுக்கணும்னு மட்டும் இல்ல, எதை மரியாதையா வேண்டாம்னு சொல்லணும்னும் தெரியும்.

அடுத்து, யார் வீட்டுக்குப் போறோம்னு யோசிங்க. போட்டோ, டைரி, பத்திரம் எல்லாம் பெரிய வீட்டுல தான் நிறைய இருக்கும். அங்க மட்டும் போனா, ஊர் வரலாறுன்னு பேரு வெச்சு பெரிய வீட்டு வரலாறைத் தான் எழுதுவோம். கூலி வேலைக்குப் போன குடும்பத்துல பழைய போட்டோவே இல்லாம இருக்கலாம். அங்க பேச்சைப் பதிவு பண்ணணும். கருவிகள், பழைய ரேஷன் கார்டு, ஸ்கூல் டிசி, மில் கேட் டோக்கன் இதெல்லாம் ஆவணம் தான். 1918ல சென்னையில மெட்ராஸ் லேபர் யூனியன் ஆரம்பிச்சப்போ முன்னாடி நின்ன தலைவர்களோட பெயர் எல்லாப் புத்தகத்துலயும் இருக்கு. பின்னி மில்லுல நைட் ஷிப்ட் போனவங்களோட பெயர் எங்க இருக்கும்? அவங்க பேரன் பேத்தி வீட்டுல இருந்தா தான் உண்டு.

ஸ்கேன்: கணக்குப் போட்டா பயம் போயிடும்

அச்சுக் காகிதத்துக்கு 300 முதல் 400 டிபிஐ போதும். போட்டோவுக்கு 600 வைங்க. மூலப் பிரதியை டிஃப் ஃபார்மட்ல வைங்க, பகிரறதுக்கு மட்டும் ஜேபெக். ஜேபெக்கைத் திறந்து எடிட் பண்ணி சேவ் பண்ற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தரம் போகும், டிஃப்ல அந்தப் பிரச்சினை இல்ல.

சைஸ் எவ்வளவு ஆகும்? 4×6 இன்ச் போட்டோ, 600 டிபிஐன்னா 2400×3600 பிக்சல். ஒரு பிக்சலுக்கு 3 பைட். மொத்தம் சுமார் 26 எம்பி. ஆயிரம் போட்டோ ஸ்கேன் பண்ணா 26 ஜிபி தான். ஒரு 64 ஜிபி பென் டிரைவ்ல பாதி கூட நிறையாது. ஸ்டோரேஜ் இல்லன்னு இந்த வேலையை யாரும் தள்ளிப்போட முடியாது.

ஸ்கேனர் இல்லன்னா போன் கேமராவும் ஓகே. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டுல விழணும், ஃபிளாஷ் வேண்டாம், போன் காகிதத்துக்கு நேர் மேல இருக்கணும். ஓரத்தை கிராப் பண்ணாதீங்க. முக்கியமா பின்பக்கத்தையும் எடுங்க. ஸ்டூடியோ சீல், பென்சில்ல எழுதின தேதி எல்லாம் அங்க தான் இருக்கும். வாட்ஸ்அப்ல போட்டோவா வாங்காதீங்க. அது சுருக்கித் தான் அனுப்பும்.

இன்னொரு விஷயம். பொருளை வாங்கி வெச்சிக்காதீங்க. அவங்க வீட்டுத் திண்ணையிலயே உக்காந்து ஸ்கேன் பண்ணிட்டு, அவங்க கண்ணு முன்னாடியே திருப்பிக் கொடுங்க. பிரிட்டிஷ் லைப்ரரியோட அழியும் ஆவணங்களுக்கான திட்டம் கூட மூலப் பொருள் அந்த நாட்டை விட்டு வெளியே போகக்கூடாதுன்னு தான் விதி வெச்சிருக்கு. அந்தத் திட்டத்தோட உதவியில தான் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டுப் பழைய போட்டோ ஸ்டூடியோ படங்களை டிஜிட்டல் ஆக்குச்சு.

மெட்டாடேட்டா தான் உயிர்

ஸ்கேன் பண்ணி "புது ஃபோல்டர் 3"ல போட்டு வெச்சா அது ஆவணகம் ஆகாது. பரண்ல இருந்த குப்பை ஹார்ட் டிஸ்க்குக்கு இடம் மாறியிருக்கு, அவ்வளவு தான்.

உலகம் முழுக்க நூலகங்கள் பயன்படுத்துற ஒரு எளிமையான முறை டப்ளின் கோர். பேரைப் பார்த்து அயர்லாந்துன்னு நினைக்காதீங்க. 1995ல அமெரிக்காவோட ஒஹாயோ மாநிலத்துல இருக்கிற டப்ளின்ல நடந்த பட்டறையில பிறந்தது. தலைப்பு, உருவாக்கியவர், தேதி, விவரணை, உரிமைன்னு மொத்தம் 15 கட்டங்கள். ஒரு ஸ்ப்ரெட்ஷீட்ல 15 காலம் போட்டா வேலை முடிஞ்சுது. எல்லாத்தையும் நிரப்பணும்னு கட்டாயம் இல்ல. ஆனா நாலு விஷயம் கண்டிப்பா வேணும்: இது என்ன, யார் கொடுத்தாங்க, இந்தத் தகவலை யார் சொன்னாங்க, யார் பார்க்கலாம்.

மூணாவதை நிறைய பேர் விட்டுடுவாங்க. "படத்தில் இருப்பவர் முருகன்"னு எழுதுறதை விட "படத்தில் இருப்பவர் முருகன் என அவர் மருமகள் கூறினார்"னு எழுதுறது நல்லது. நாளைக்கு வேற ஒருத்தர் "இல்ல, அது அவர் தம்பி"ன்னு சொன்னா ரெண்டையும் பதிவு பண்ணலாம்.

தேதி கண்டுபிடிக்கிறது ஒரு துப்பறியும் வேலை. சில க்ளூ:

* விலை ரூபாய், அணா, பைசாவில் இருந்தா, பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முன்னாடி. அப்ப தான் நயா பைசா வந்தது. அதுக்கப்புறம் கொஞ்ச காலம் ரெண்டும் புழக்கத்துல இருந்துச்சு.
* முகவரியில 6 இலக்க பின்கோடு இருந்தா, 1972 ஆகஸ்ட் 15க்கு அப்புறம்.
* அரசு முத்திரையில மெட்ராஸ் ஸ்டேட்னு இருந்தா, 1969 ஜனவரிக்கு முன்னாடி. அதுக்கப்புறம் தான் தமிழ்நாடு.
* "விக்ருதி வருஷம் ஆனி மாசம்"னு மட்டும் இருந்தா ஜாக்கிரதை. தமிழ் வருஷப் பெயர் 60 வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப வரும். விக்ருதின்னா 1890ஆ, 1950ஆ, 2010ஆ? காகிதம், அச்சு, பணம் எல்லாம் பார்த்து முடிவு பண்ணணும்.

உறுதியா தெரியலன்னா "சுமார் 1965"னு எழுதுங்க. பொய்யான துல்லியத்தை விட நேர்மையான "சுமார்" மேல்.

எழுத்துரு விஷயத்துல ஒரு எச்சரிக்கை. இருபது வருஷத்துக்கு முந்தின விழா மலர் ஃபைல் யாராவது கொடுத்தா, அது பாமினி மாதிரி பழைய எழுத்துருவுல இருக்கலாம். அந்த எழுத்துரு இல்லாம திறந்தா வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையா தெரியும். யூனிகோடுக்கு மாத்தி, மூல ஃபைலையும் சேர்த்து வைங்க. நீங்க எழுதுற எல்லாமே யூனிகோட்லயே இருக்கட்டும்.

பேச்சைப் பதிவு பண்றது

பெரியவங்க கிட்ட போய் "அந்தக் காலம் எப்படி இருந்துச்சு பாட்டி?"ன்னு கேட்டா, "நல்லா தான் இருந்துச்சு கண்ணு"ன்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. கேள்வி சின்னதா, பிடிமானமா இருக்கணும். "கல்யாணத்துக்கு முந்தின நாள் சமையல் எங்க நடந்துச்சு?" "மொத சம்பளம் எவ்வளவு, அதுல என்ன வாங்குனீங்க?" கையில ஒரு பழைய போட்டோவைக் கொடுத்துட்டா பாதி கேள்வியே தேவைப்படாது.

ரெண்டு போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. ஃபேனை நிறுத்துங்க. ஆரம்பத்துலயே தேதி, இடம், பேசுறவங்க பெயர், அவங்க சம்மதம் நாலையும் குரல்லயே பதிவு பண்ணிடுங்க. அவங்க யோசிக்கும்போது இடையில புகுந்து பேசாதீங்க. பத்து செகண்ட் மௌனத்துக்கு அப்புறம் தான் பல நேரம் முக்கியமான விஷயம் வரும்.

எல்லாத்தையும் எல்லாருக்கும் காட்டக் கூடாது

டெக் பசங்களான நமக்கு "ஓப்பனா போட்டுடலாம்"னு சொல்றது ஈஸி. ஆனா நிலப் பத்திரத்துல இன்னும் முடியாத பங்காளித் தகராறு இருக்கலாம். பழைய பள்ளிப் பதிவேட்டுல ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்துல சாதி இருக்கும். கடிதத்துல ஒருத்தரோட கல்யாணம் நின்னு போன கதை இருக்கும். அவங்க இப்ப அதே தெருவுல பேரன் பேத்தியோட இருக்காங்க.

அதனால மூணு அடுக்கு வைங்க: எல்லாரும் பார்க்கலாம், குடும்பம் மட்டும் பார்க்கலாம், இத்தனை வருஷத்துக்கு அப்புறம் பார்க்கலாம். ஒரு பக்க சம்மதப் படிவம் போதும், தமிழ்ல, படிச்சுக் காட்டி கையெழுத்து வாங்கணும். மனசு மாறினா எடுத்துடச் சொல்லலாம்னும் அதுல இருக்கணும். மூலப் பிரதியில எதையும் அழிக்கக் கூடாது, வெளியே போற பிரதியில மட்டும் மறைக்கணும். சாதிக் கொடுமை நடந்ததுக்கு அந்தப் பதிவேடு தான் சாட்சி. அழிச்சுட்டா சாட்சியும் போயிடும்.

காப்புரிமையும் இருக்கு. இந்தியாவுல ஒரு எழுத்தாளர் இறந்து 60 வருஷம் வரைக்கும் அவர் எழுத்துக்கு உரிமை உண்டு. உங்க ஊர்க் கவிஞர் 1990ல இறந்திருந்தா, அவர் குடும்பத்துக்கிட்ட கேட்டுட்டுத் தான் வெளியிடணும்.

காகிதத்தையும் கொஞ்சம் பாருங்க

19ஆம் நூற்றாண்டோட பிற்பாதியில மரக்கூழ் காகிதம் பரவலாச்சு. அதுல இருக்கிற அமிலத்தாலயும் லிக்னினாலயும் தான் பழைய பேப்பர் மஞ்சளாகி, அப்பளம் மாதிரி நொறுங்குது. கிழிஞ்ச இடத்துல செல்லோடேப் ஒட்டாதீங்க, அந்தப் பசை காகிதத்துக்குள்ள இறங்கி கறையாகும். லேமினேஷன் பண்ணவே பண்ணாதீங்க, திரும்பப் பிரிக்க முடியாது. ஸ்டேப்ளர் பின்னை எடுத்துடுங்க, துரு பிடிக்கும். பரண்ல சூடு, பாத்ரூம் சுவர்ப் பக்கம் ஈரம், ரெண்டுமே ஆகாது. ராமபாணப் பூச்சிக்கு ஈரமும் இருட்டும் பிடிக்கும். அதனால மாசம் ஒரு தடவை பெட்டியைத் திறந்து பாருங்க.

வைவா முடிஞ்சதும் செத்துப் போகாம இருக்க

இது தான் நமக்கான பகுதி. காலேஜ் ப்ராஜெக்ட் எல்லாம் எப்படி முடியும்னு நமக்குத் தெரியும். டெமோ காட்டுவோம், மார்க் வாங்குவோம், ஃப்ரீ சர்வர் காலாவதி ஆகும், பாஸ்வேர்டு தெரிஞ்சவன் பெங்களூருக்குப் போயிடுவான். ஒரு அட்டெண்டன்ஸ் ஆப் இப்படிச் செத்தா யாருக்கும் நஷ்டம் இல்ல. ஒரு ஊர் நம்மள நம்பி பெட்டியைத் திறந்து காட்டினது அப்படிச் சாகக் கூடாது.

முதல் விதி, ஆப் கட்டாதீங்க. உண்மையா தான் சொல்றேன். ஒழுங்கான ஃபோல்டரும், சிஎஸ்வி ஃபைலா சேமிச்ச பட்டியலும் இருபது வருஷம் கழிச்சும் திறக்கும். நம்ம கட்டுற ஆப் ரெண்டு வருஷம் ஓடினாலே ஆச்சரியம். வெப்சைட் கண்டிப்பா வேணும்னா ஓமேகா, டிஸ்பேஸ் மாதிரி ஏற்கனவே நூலகங்கள் பயன்படுத்துற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இருக்கு.

ரெண்டாவது, 3-2-1. மூணு பிரதி, ரெண்டு வகையான சாதனத்துல, அதுல ஒண்ணு வேற ஊர்ல. யாழ்ப்பாணத்தை நினைச்சுக்கிட்டா அந்த "வேற ஊர்" ஏன்னு புரியும்.

மூணாவது, செக்சம். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஷா-256 மதிப்பு எடுத்து ஒரு பட்டியலா வைங்க. ஃபைல்ல ஒரே ஒரு பிட் மாறினாலும் மதிப்பு மொத்தமா மாறிடும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்த்தா, எந்தப் பிரதி கெட்டுப் போச்சுன்னு தெரியும், நல்ல பிரதியில இருந்து மாத்திக்கலாம். பத்து வரி பைத்தான் ஸ்கிரிப்ட் தான். இந்த வேலையில நம்ம படிப்பு நேரடியா உதவுற இடம் இது.

நாலாவது, வாரிசு. நாம போயிடுவோம், ஊர் அங்கேயே இருக்கும். அதனால ஒரு பிரதி ஊர்லயே இருக்கணும்: கிளை நூலகம், பள்ளிக்கூடம், சங்கம், எது ஒழுங்கா நடக்குதோ அங்க. வெளியிடலாம்னு சம்மதம் கிடைச்சதை இன்டர்நெட் ஆர்க்கைவ் மாதிரி நிலையான இடத்துல போடுங்க. ஜூனியர் ரெண்டு பேரைக் கடைசி செமஸ்டர் வரைக்கும் காத்திருக்காம முதல் நாள்லயே சேர்த்துக்கோங்க. எது எங்க இருக்கு, ஃபைலுக்கு எப்படிப் பெயர் வெச்சோம், யாருக்கு என்ன வாக்கு கொடுத்தோம்னு ரெண்டு பக்கம் எழுதி ஒவ்வொரு பிரதியோடவும் வைங்க. அந்த மூணாவது ரொம்ப முக்கியம். "இதை என் காலத்துக்கு அப்புறம் தான் காட்டணும்"னு ஒரு அம்மா சொல்லியிருந்தா, நம்மள முகம் பார்த்திராத அடுத்த பேட்ச்சும் அதைக் காப்பாத்தணும்.

கடைசியா, சேர்த்ததை ஊருக்குத் திருப்பிக் காட்டுங்க. கோயில் மண்டபத்துலயோ ஸ்கூல் வராண்டாவுலயோ முப்பது போட்டோவை பெரிசா பிரிண்ட் போட்டு மாட்டி, கீழ ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் வைங்க. "இது யாருன்னு தெரியுமா?"ன்னு ஒரு வரி. ஊர்க்காரங்களே வந்து பெயர் எழுதிட்டுப் போவாங்க, நம்ம பட்டியல்ல இருக்கிற தப்பையும் திருத்துவாங்க. "எங்க வீட்டுலயும் ஒரு பெட்டி இருக்கு"ன்னு நாலு பேராவது சொல்லுவாங்க.

இந்த செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறவங்க ஒரே ஒரு வேலை பண்ணுங்க. வீட்டுல இருக்கிற பழைய போட்டோல பத்தை எடுத்து, வயசானவங்க பக்கத்துல உக்காந்து, ஒவ்வொண்ணுலயும் இடமிருந்து வலமா யார் யாருன்னு கேட்டு ஒரு நோட்டுல எழுதுங்க. போட்டோ மேல பேனாவால எழுதாதீங்க, எண் மட்டும் பின்னாடி மெல்லிசா பென்சில்ல போதும். ஸ்கேனை அடுத்த லீவுல கூட பண்ணிக்கலாம். பெயரை இந்த லீவுலயே வாங்கிடுங்க.